கொழுந்தை அறிந்தவரும் பங்கை அறிந்தவரும்

பங்குச் சந்தையில் அனுபவமே ஆசான் என்று சொல்வோர் பலர். நானும் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை ஆண்டுகள் என்பதைவிட எத்தனை சரிவுகளைக் கண்டார் என்றே கேட்க வேண்டும். 2009இலும் 2010இலும் கொழும்பின் விலைச் சுட்டெண் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அப்போது நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கடைக்காரரும் ஆசிரியரும்கூட நிபுணர்களாயினர். 2011 பெப்ரவரிக்குப் பின் சந்தை சரியத் தொடங்கியதும் அந்த நிபுணத்துவம் எங்கே போயிற்றோ!

இந்தச் சந்தைக்கும் மலையகத்துக்கும் உள்ள உறவு பழையது. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டவே 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, பத்து வீதம் ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது.

கொழுந்தின் தரத்தைக் கையால் தொட்டே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தேயிலையில் தலைமுறை அனுபவம் உண்டு. தேயிலைப் பங்கில் ஒருநாள் அனுபவமும் இல்லை. எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள், பிள்ளையின் கல்யாணத்துக்கோ அடகு மீட்கவோ, கேட்ட விலைக்கு அவற்றை விற்றுவிட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காகிதம் கைக்கு வந்தது, விளக்கம் வரவில்லை.

இரண்டு அனுபவங்களும் வேறுவேறு என்பதை 2022 காட்டியது. முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததன் விளைவாக, நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. மலையில் நின்று செடியைப் பார்த்தவருக்குக் கம்பனி நட்டப்படும் என்றே தோன்றியிருக்கும். ஆனால் தேயிலை ஏற்றுமதிப் பண்டம். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியதும், கொழும்பு ஏலத்தின் சராசரி விலை ரூபாக் கணக்கில் இரு மடங்கானது. உரமும் எரிபொருளும் விலையேறியும் பல பெருந்தோட்டக் கம்பனிகள் பெரும் இலாபம் காட்டின. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்துச் சந்தை சில நாள் மூடப்பட்டபோது, பதறாமல் இருந்தவர்கள் முன்பே ஒரு வீழ்ச்சியில் அடிபட்டவர்கள்தாம்.

அத்தகைய பொறுமைக்குக் கையில் கொஞ்சம் மிச்சப் பணமும் வேண்டும் என்பதை நம் பங்குச் சந்தை ஆலோசகர்கள் ஏனோ எழுதுவதில்லை.

நம் தொழிற்சங்க மேடைகளில் நாட்சம்பளம் பேசப்படாத ஆண்டு கிடையாது. பேசத்தான் வேண்டும். ஆனால் பங்குதாரராகக் கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, இந்த இலாபம் எங்கே போகிறது என்று கேட்கவும் ஒரு தொழிலாளிக்கு உரிமை இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.