இன்டர்மீடியட்ல தனியா நிக்காதீங்க

மொழி கத்துக்க ஒரு ஆப் போதும்னு நினைக்கிறீங்களா? முதல் ரெண்டு மாசத்துக்குப் போதும். அதுக்கப்புறம் நாலு பேரோட உட்கார்ந்து படிக்கிற வகுப்பு வேணும் என்பது என் கருத்து. இதுக்கு நான் எடுத்துக்கிற உதாரணம் யித்திஷ்.

யித்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. ஹீப்ரூ எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. இரண்டாம் உலகப் போருக்கு முன் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். இன்றைக்குத் தெருவில் யித்திஷ் கேட்கணும்னா, நியூயார்க்கின் புரூக்ளின் மாதிரி ஹசீதிக் யூதர்கள் வாழும் இடங்களுக்குத்தான் போகணும். வெளியிலிருந்து கத்துக்க வர்ற பலருக்கு வகுப்புதான் தெரு.

டுவோலிங்கோவில் 2021-ல் யித்திஷ் வந்தது. எழுத்தும் நூறு இருநூறு சொற்களும் அதிலேயே கத்துக்கலாம். சிக்கல் அடுத்த படியில். யித்திஷ் பெரும்பாலும் ஒலிக்கிறபடியே எழுதப்படும் மொழி. ஆனால் ஹீப்ரூவிலிருந்து வந்த சொற்கள் பழைய எழுத்துக்கூட்டலோடவே நிற்கும். ‘உண்மை’க்கு யித்திஷில் ‘எமெஸ்’. எழுதுவது அலெஃப், மெம், சோஃப் என்று மூன்றே எழுத்து. நடுவில் வரும் உயிரொலிக்கு அடையாளமே கிடையாது. யாராவது சொன்னால்தான் தெரியும். அகராதியும் சொல்லும், ஆனா வரிக்கு நாலு தடவை அகராதியைப் புரட்டினா கதை செத்துடும். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சிட்டு, தமிழ் நாவலின் பத்தாவது பக்கத்தில் மூச்சு வாங்குற நமக்கு இந்த நிலைமை நல்லாவே புரியும்.

இப்போ ஒரு குழு வகுப்பை நினைச்சுப் பாருங்க. ஜெர்மன் தெரிஞ்சவருக்கு ‘புக்’ என்றால் புத்தகம் என்று உடனே புரியும். ஆனா மத நூலுக்கு ‘செய்ஃபெர்’ன்னு தனிச் சொல் இருக்கே, அது ஹீப்ரூ தெரிஞ்சவருக்குத்தான் புரியும். பாட்டியைக் குறிக்கும் ‘போபெ’யை ரஷ்யனோ போலிஷோ தெரிஞ்சவர் கண்டுபிடிச்சிடுவார். மூணு பேரும் சேர்ந்தா ஒரு பத்தி அகராதி இல்லாமலேயே நகரும்.

“குழுவில் வேகம் குறையும், மத்தவங்க தப்பைக் கேட்டே நேரம் போகும்”னு சொல்வீங்க. வேகம் குறையும், உண்மைதான். ஆனா உங்க லெவலில் இருக்கிறவர் செய்ற தப்பு, நாளைக்கு நீங்க செய்யப்போற தப்பு. இன்னொண்ணு, உங்க உடைஞ்ச வாக்கியம் ஆசிரியருக்குப் புரிஞ்சிடும், பழகின காது. பக்கத்தில் இருக்கிறவருக்குப் புரியாது. அவருக்குப் புரிய வைக்கத் திணறும்போதுதான் வாய் திருந்துது.

இதில் என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். ஆரன் லான்ஸ்கி என்ற அமெரிக்கர் இருபதுகளில் இருந்தபோது, 1980-ல், யித்திஷ் புத்தக மையத்தைத் தொடங்கினார். உலகத்தில் மிஞ்சியிருப்பது 70,000 யித்திஷ் புத்தகங்கள்தான் என்று அப்போது நிபுணர்கள் கணித்தார்களாம். அந்த மையம் சேகரித்தது 10 லட்சத்துக்கும் மேல். பல ஆயிரம் தலைப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். புத்தகம் தப்பிச்சிடுச்சு. படிக்க ஆள் வேணுமே? ஆரம்பப் பாடத்தோடு நின்றவரால் அவற்றைப் படிக்க முடியாது. நடுவில் விட்டுப் போகாதவர்கள்தான் படிப்பார்கள்.

நம்மில் பல பேர் எம்.எஸ். கனவோட ஜெர்மன் ஏ2 முடிச்சிட்டு, ஆப்பில் ஸ்ட்ரீக்கை மட்டும் காப்பாத்திட்டு இருக்கோம். ஆப்பை அழிக்கச் சொல்லலை. வாரத்தில் ஒரு மணி நேரம், மூணு பேர், ஒரு சின்னக் கதை. ஹாஸ்டலிலேயே ஆள் கிடைப்பாங்க, கேட்டுப் பாருங்க.