கண்ணாடித் தொட்டியும் நம் ஊர்த் தண்ணீரும்

முதல் நற்கருணை பெற்ற சிறுவன் ஒருவனுக்கு அவனுடைய தாய்மாமன் கண்ணாடிக் குடுவை ஒன்றையும் இரண்டு தங்கமீன்களையும் பரிசாக அளித்தார். எட்டாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் இறந்து மிதந்தன. நாள்தோறும் நீரை மாற்றி, குடுவையைத் தேய்த்துக் கழுவி, மூன்று வேளையும் உணவிட்டு வந்த பையன், “நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டு அழுதானாம். அந்தத் தாய் அதே வினாவை நம்மிடம் கேட்டார். விடை கூற வேண்டிய கடமை நமக்கு ஏற்பட்டது.

பையன் குறைவாக ஒன்றும் செய்யவில்லை, மிகுதியாகவே செய்துவிட்டான். மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை ஓயாது வெளியேற்றுகிறது. உண்ணாது எஞ்சிய உணவு அழுகினாலும் அதுவே உண்டாகும். குளத்தில் மணலிலும் செடிகளிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நாள்தோறும் குடுவையைத் தேய்த்துக் கழுவினால் அவை எங்ஙனம் நிலைபெறும்? போதாக்குறைக்குக் குழாய் நீரின் குளோரின் வேறு.

1850ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் அன்று கண்டார். நாடாவைப் போன்ற நீண்ட இலைகளையுடைய அந்த வாலிஸ்னேரியா நம் நாட்டுக் குளங்களிலும் வளர்வதுதான்.

இன்று கடைகளில் செடித் தொட்டி என்றாலே கரியமில வாயு உருளை, விலையுயர்ந்த விளக்கு, வெளிநாட்டு உரமண் என்று பட்டியல் நீளுகிறது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு இவை வேண்டியதில்லை என்பது நம் துணிபு. நம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறுகிறது என்று நொந்துகொள்கிறோம் அல்லவா? அந்தக் கடின நீரில் பைகார்பனேட் மிகுந்துள்ளது. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் தங்களுக்கு வேண்டிய கரியை அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வல்லவை. உருளை எதற்கு? கப்பி, மோலி போன்ற மீன்களும் கடின நீரையே விரும்புவன. நாவிற்குக் கரிக்கும் அளவுக்கு உப்பாயிருப்பின் பாதிக்குப் பாதி காவிரிக் குடிநீரைக் கலக்கலாம். அக்குடிநீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கிவிடும்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே 56 கிலோ என்பதால் உறுதியான மேடை தேவை. அடியில் சலித்த செம்மண் ஓரங்குலம். அதன்மேல் நன்கு அலசிய மணல் ஓரங்குலம். உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணாக இருத்தல் வேண்டும். நாமக்கல் பக்கத்தில் கோழி எரு எளிதில் கிடைக்கிறதே என்று அதில் ஒரு பிடி சேர்த்துவிடாதீர்கள். அது அம்மோனியாவைத் தானே கொண்டுவந்து கொட்டுவதாகும். செடிகளைத் தூய்மையான குளத்திலிருந்து எடுக்கலாம். ஆலைக் கழிவு கலக்கும் திருமணிமுத்தாற்றிலிருந்து எடுத்தல் கூடாது. குளத்துச் செடியோடு தும்பியின் இளம்புழு வந்துவிடும். அது மீன்குஞ்சுகளைத் தின்னும். ஆகவே இலை இலையாகப் பார்த்து அலசுக. நத்தை வந்தால் வரட்டும்.

ஒளிக்கு 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். மாதத்திற்கு இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவே. பள்ளியில் புனலைக் கவிழ்த்து ஹைட்ரில்லாவிலிருந்து குமிழி எழக் கண்டோமே, அதே காட்சியை வீட்டிலேயே காணலாம். ஆனால் செடிகள் ஒளியில்தான் உயிர்வளி தருகின்றன. இருளில் அவையும் அதையே உட்கொள்கின்றன. 1779இல் இதனை எடுத்துக்காட்டியவர் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் செடியும் மீனும் மிகுந்துவிட்டன என்று அறிக. சித்திரை வெயிலில் இது கூடுதலாக நேரும். 25 பாகை வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவில் கரையும் உயிர்வளி 35 பாகையில் ஏழாகக் குறைகிறது. வெயில் படாத இடமே தொட்டிக்கு ஏற்றது.

செடிகள் வேரூன்றி நான்கு வாரம் சென்றபின், முதலில் நான்கு கப்பிகளை மட்டும் விடுக. வண்ணமீன் என்றதும் கொளத்தூர் என்பர். அது சென்னைக் கொளத்தூர், நம் மேட்டூருக்கு அருகிலுள்ள கொளத்தூர் அன்று! கப்பி குட்டியீனும் மீன். மாதத்திற்கொருமுறை குஞ்சு ஈனுவதால் மீண்டும் வாங்க நேராது. நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரந்தோறும் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுக.

தொட்டியைத் தூய்மை செய்யும் என்று கூறி விற்கப்படும் சக்கர் மீனை மட்டும் வாங்காதீர்கள். தென் அமெரிக்காவைச் சார்ந்த அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்க்க இயலாதோர் ஏரியில் விட்டு, இன்று தமிழ்நாட்டின் நீர்நிலைகள் சிலவற்றில் அது பெருகிவிட்டது. கப்பியே ஆயினும் மிகுதியானதை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், மூக்கனேரியில் விடாதீர்கள்.

அச்சிறுவனின் புதிய தொட்டியில் செடி நட்டு மூன்று வாரம் ஆகிறது. மீன் இன்னும் விடவில்லை. திருப்பலி முடிந்து வரும்போதெல்லாம், நத்தை பதினொன்றாகிவிட்டது, பதினான்காகிவிட்டது என்று நம்மிடம் கணக்குச் சொல்லிப் போகிறான்.