வாரம் வேண்டுமா, பாயிண்ட் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. டெலிபோன் மணி அடிக்கிறது.

"வணக்கம் சார்! உங்களிடம் இருப்பது பழைய வாரத் திட்டம். அதைப் புதிய பாயிண்ட் திட்டமாக மாற்றித் தருகிறோம். நினைத்தபோது போகலாம். நினைத்த ஊருக்குப் போகலாம். மேடத்தையும் அழைத்துக்கொண்டு ஓட்டலுக்கு வாருங்கள். டிபன் உண்டு. பரிசும் உண்டு!"

டைம்ஷேர் வாங்கிய வீடுகளுக்கு இப்படி அழைப்பு வருவது வழக்கம். டிபன் சாப்பிடப் போகிறவர்களில் சிலர், 3 லட்சம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"நாம் என்ன வாங்கினோம்?"

இந்தக் கேள்வியைப் போவதற்கு முன்பே கேட்கவேண்டும். வாங்கிய பிறகு கேட்டால், பதில் கிடைக்கும்; பணம் கிடைக்காது!

கிணற்று முறை

டைம்ஷேர் என்றால் என்ன?

கிராமத்தில் பொதுக் கிணறு இருக்கும். பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். திங்கட்கிழமை அண்ணன் முறை. செவ்வாய்க்கிழமை தம்பி முறை. கிணறு ஒன்று, பங்கு பல.

டைம்ஷேரும் அதுதான். மலை ஊரில் ஒரு விடுதி. அதில் ஒரு அறை. வருடத்துக்கு 52 வாரம். ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொரு குடும்பத்துக்கு விற்கிறார்கள். முதலில் ஒரு பெரிய தொகை கட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும்.

இது ஐரோப்பாவில் பிறந்த முறை. சுவிட்சர்லாந்தில் 1963-ல் ஒரு நிறுவனம் தொடங்கியது. 1967-ல் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஒரு விடுதி, வாரக் கணக்கில் பங்கு விற்றது. பிறகு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே 1974-ல் ஆர்.சி.ஐ. என்ற மாற்று நிறுவனம் வந்தது. உங்கள் வாரத்தை அதனிடம் ஒப்படைத்தால், வேறு ஊரில் வேறு ஒருவருடைய வாரத்தைப் பெறலாம். அதற்குத் தனிக் கட்டணம்.

நம் நாட்டில் ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-ல் தொடங்கியது. மகிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்தது. வருடத்துக்கு 7 நாள், மொத்தம் 25 வருடம் என்ற கணக்கு பல குடும்பங்களுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

டோக்கன் முறை

பாயிண்ட் திட்டம் வேறு. அதில் வாரம் கிடையாது. அறையும் குறிப்பிட்டது கிடையாது. வருடத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று உங்கள் கணக்கில் எழுதுவார்கள். பொருட்காட்சியில் டோக்கன் வாங்குவது போல. எந்த ராட்டினத்துக்கு எத்தனை டோக்கன் என்று பலகையில் எழுதியிருக்கும் அல்லவா? அதைப் போல, எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு, எந்த அறைக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒரு பட்டியல் தருவார்கள்.

இதில் வசதி இல்லாமல் இல்லை. இரண்டு நாள் மட்டும் தங்கலாம். சிறிய அறை எடுத்தால் பாயிண்ட் மிச்சமாகும். சில திட்டங்களில் இந்த வருடப் பாயிண்டை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1991-ல் பாயிண்ட் முறையில் விடுதிப் பங்குகளை விற்கத் தொடங்கியது. ஆர்.சி.ஐ. 2000-ல் பாயிண்ட் முறையைக் கொண்டுவந்தது. மாரியட் 2010-ல் மாறியது.

கம்பெனிக்கு ஏன் இவ்வளவு ஆசை? வாரத்தை ஒரு தடவைதான் விற்கலாம். பாயிண்டை வாங்கியவரிடமே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விற்றுக்கொண்டே இருக்கலாம்!

மரக்கால் யார் கையில்?

வாரத்துக்கும் பாயிண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஒரு வாரம் என்றால் 7 நாள். பத்து வருடம் கழித்தும் 7 நாள்தான். அதை யாராலும் 5 நாளாக்க முடியாது. ஆனால் ஒரு பாயிண்ட் என்றால் எவ்வளவு? அதைச் சொல்வது பட்டியல். பட்டியலை எழுதுவது கம்பெனி.

நெல் உங்களுடையது, அளக்கும் மரக்கால் அவர்கள் கையில். மரக்கால் பெரிதானால் உங்கள் நெல் குறைந்துபோகும்!

எல்லாக் கம்பெனியும் ஏமாற்றும் என்று பொருள் அல்ல. டிஸ்னி திட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு நாளுக்குப் பாயிண்டைக் கூட்டினால், வேறு நாளில் அதே அளவு குறைக்கவேண்டும். வருடத்தின் மொத்தம் கூடக்கூடாது. இப்படி ஒரு கட்டுப்பாடு ஒப்பந்தத்தில் இருந்தால் பயம் குறைவு. இல்லாவிட்டால், இன்று 7 நாள் தரும் பாயிண்ட் நாளை 5 நாள் தரலாம்.

மே மாதம் என்ற தங்கம்

கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் மில் ஆபீசில் வேலை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பு டைம்ஷேர் வாங்கினார்கள். கொடைக்கானலில், மே மாதத்தில் ஒரு வாரம். இன்னும் 15 வருடம் பாக்கி.

கூட்டத்துக்குப் போய்வந்த கணவர் சொல்கிறார்: "3 லட்சம் கட்டினால் பாயிண்டாக மாற்றித் தருகிறார்களாம். வருடத்துக்கு 7 ஆயிரம் பாயிண்ட்!"

மனைவி பட்டியலை வாங்கிப் பார்க்கிறாள். மே மாதத்தில் ஒரு இரவுக்கு 1,500 பாயிண்ட். ஆடி மாதத்தில் 600.

"என்னங்க, 7 ஆயிரத்துக்கு மே மாதத்தில் 4 நாள்தானே வருகிறது? இப்போது நமக்கு 7 நாள் இருக்கிறதே!"

"ஆடியில் போனால் 11 நாள் வருமே?"

"ஆடியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் யார் போவது?"

இந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு லீவு மே மாதத்தில்தான். எல்லா வீட்டுக்கும் அப்படியே. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதத்தில் இ-பாஸ் வாங்கச் சொன்னார்களே, எதனால்? மலை தாங்க முடியாத கூட்டம்! அப்படிப்பட்ட மாதத்தில் உறுதியான ஒரு வாரம் கையில் இருப்பது தங்கம். அதைக் கொடுத்துவிட்டுப் பாயிண்ட் வாங்கினால், அதே மே மாதத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நிற்கவேண்டும். "நினைத்தபோது போகலாம்" என்ற பேச்சு, மற்றவர்கள் நினைக்காதபோதுதான் பலிக்கும்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா?

மனைவி போட்ட கணக்கு

அந்த அம்மாள் அதோடு விடவில்லை. பென்சிலை எடுக்கிறாள்.

கேட்கும் தொகை 3 லட்சம். அது பெண்ணின் காலேஜ் படிப்புக்காக வங்கியில் போட்டுவைத்த பணம். 6 சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 18 ஆயிரம் ரூபாய். பாயிண்ட் திட்டத்தில் பராமரிப்புக் கட்டணம் இப்போது கட்டுவதைவிட 5 ஆயிரம் அதிகம். ஆக, வருடத்துக்கு 23 ஆயிரம் ரூபாய்.

"இந்த 23 ஆயிரத்துக்கு, ஒரு நாளைக்கு 4,600 ரூபாய் வாடகையில் 5 நாள் எந்த ஊரிலும் ஓட்டல் அறை எடுக்கலாம். நம் வாரமும் நம்மிடம் இருக்கும். காலேஜ் பணமும் வங்கியில் இருக்கும்."

கணவர் வாயைத் திறக்கவில்லை.

கணக்கு என்றால் இப்படித்தான் போடவேண்டும். புதுத் திட்டம் நல்லதா என்று கேட்பது போதாது. கூடுதலாகக் கட்டும் பணத்துக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று கேட்கவேண்டும். அதே பணத்தை வாடகையாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்றும் பார்க்கவேண்டும். தவணையில் கட்டினால் வட்டியையும் சேர்க்கவேண்டும். ஜி.எஸ்.டி. வரியை மறக்கக்கூடாது.

போன பணம்

இன்னொரு வலை உண்டு. "முன்பு கட்டிய பணம் வீணாகிவிடக்கூடாது சார். மேலே கொஞ்சம் போட்டால் அதுவும் பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள்.

கட்டிய பணம் போனது போனதுதான். புதுப் பணம் போட்டால் பழைய பணம் திரும்பாது. வற்றிய கிணற்றில் நிறையச் செலவு செய்துவிட்டோமே என்று இன்னும் பத்தடி தோண்டுகிறவனைப் போல ஆகக்கூடாது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துத் தோண்டவேண்டும்.

ஐந்து வருடமாக வாரத்தைப் பயன்படுத்தவே இல்லை என்கிறவர்களும் உண்டு. ஏன் போகவில்லை? ஊர் பிடிக்கவில்லை என்றால், மாற்று நிறுவனம் மூலம் வேறு ஊர் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு லட்சம் தேவை இல்லை. லீவு கிடைக்கவில்லை என்றால், பாயிண்ட் வாங்கினால் மட்டும் முதலாளி லீவு கொடுத்துவிடுவாரா?

யாருக்கு நல்லது?

அப்படியானால் பாயிண்ட் யாருக்குமே ஆகாதா? அப்படிச் சொல்வது நியாயம் அல்ல.

அதே கோயம்புத்தூர் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருந்தால், அவர்களுக்கு மே மாதமும் ஒன்றுதான், ஆடி மாதமும் ஒன்றுதான். கூட்டம் இல்லாதபோது போகலாம். வார நாட்களில் போகலாம். சிறிய அறை போதும். ஒரே பாயிண்டில் இரண்டு மடங்கு நாள் தங்கலாம். கையில் இருப்பது யாரும் விரும்பாத மழைக்கால வாரமாக இருந்து, அதற்குத் தகுந்த பாயிண்டும் கிடைத்து, மேலே கட்டும் தொகையும் சிறியது என்றால், மாறுவது லாபமாகக்கூட இருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு, கையில் நல்ல மே வாரம் — விடக்கூடாது. லீவுக்குக் கட்டுப்படாத வீடு, கையில் மழைக்கால வாரம் — யோசிக்கலாம். இதுதான் சுருக்கம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

1. இப்போது உள்ள வாரத்தை, அதே மாதத்தில், அதே அறையில் திரும்பப் பெற எத்தனை பாயிண்ட் வேண்டும்? அத்தனை பாயிண்ட் தருகிறார்களா?

2. பட்டியலை மாற்றும் உரிமை யாருக்கு? மொத்தம் கூடக்கூடாது என்று எழுதியிருக்கிறதா?

3. பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம்? அதற்கு உச்ச வரம்பு உண்டா?

4. பயன்படுத்தாத பாயிண்ட் எப்போது செத்துப்போகும்?

5. வாரத்தை விடாமலே, வேண்டிய வருடம் மட்டும் பாயிண்டாக மாற்ற முடியுமா? அமெரிக்காவில் மாரியட் 2010-ல் பழைய வாரக்காரர்களுக்கு அப்படி ஒரு வழி வைத்தது. கேட்பதில் தவறில்லை.

பதிலை வாயால் வாங்கக்கூடாது. காகிதத்தில் வாங்கவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் எழுதியது கோர்ட்டுக்கு வரும்.

"இன்று மட்டும்" என்றால்...

"இந்த விலை இன்று மட்டும்தான்" என்று சொன்னால், அன்று கையெழுத்துப் போடவே கூடாது. யோசிக்க விடாத வியாபாரம் நல்ல வியாபாரம் அல்ல.

அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகவே ஐரோப்பிய நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. அங்கே 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 10 நாள். நம் ஊரில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் நாள் எத்தனை என்று அன்று இரவே படிக்கவேண்டும். நாள் இருந்தால், எழுத்து மூலம் உடனே தெரிவிக்கவேண்டும்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் வழி இருக்கிறது. 1915 என்ற எண் தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்குப் போன் செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் 2 வருடத்துக்குள் போடவேண்டும்.

கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதே மேல். அதற்கு ஒரு பென்சிலும், ஒரு காகிதமும், அரை மணி நேரமும் போதும். ஓட்டலில் கொடுக்கும் இலவச டிபன் அரை மணியில் ஜீரணமாகிவிடும். கையெழுத்து 15 வருடம் வயிற்றில் கிடக்கும்!