கவலைப்படுவது கடமையா?

நம் மக்களிடத்தில் கவலைக்கு ஒரு தனி மரியாதை இருந்து வருகிறது. பெண்ணின் கலியாணத்தை நினைத்து இரவெல்லாம் புரண்டு கொண்டிருப்பவரைப் "பொறுப்புள்ள தகப்பன்" என்கிறோம். பிள்ளை பரீட்சைக்குப் போன அன்று சோறு தொடாமல் உட்கார்ந்திருக்கும் தாயைப் "பாசமுள்ள தாய்" என்கிறோம். நிம்மதியாய்த் தூங்குகிறவனையோ "வீட்டு நினைப்பே இல்லாதவன்" என்று ஏசுகிறோம். இதனால் கவலைப்படுவதே ஒரு கடமை என்றும், கவலைப்படாவிட்டால் காரியம் கெட்டுப் போகும் என்றும் ஓர் எண்ணம் சிறு வயது முதலே நம் மனதில் ஊன்றப்பட்டு விடுகிறது. இந்த எண்ணம் சரிதானா என்று சற்று நிதானமாய் ஆலோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

முதலாவது, யோசனை வேறு, கவலை வேறு. "இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பது யோசனை. "என்ன ஆகுமோ, ஏது ஆகுமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருப்பது கவலை. யோசனை ஒரு முடிவில் போய் நிற்கும். முடிவு வந்ததும் ஓய்ந்துவிடும். கவலையோ செக்கு மாடு போல் ஒரே இடத்தைச் சுற்றிக் கொண்டே இருக்கும். செக்கு மாடு சுற்றினாலாவது எண்ணெய் கிடைக்கும். கவலைப்படுகிறவன் சுற்றியதற்கு மறுநாள் காலையில் தலைவலிதான் மிச்சம்.

இரண்டாவது, கவலை என்பது கிரகக் கோளாறுமல்ல, தலையெழுத்துமல்ல. ஆபத்து என்று மூளை எண்ணிய மாத்திரத்தில் சரீரம் ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை வேர்க்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. இவற்றையெல்லாம் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்னும் சரீர சாஸ்திரி சோதித்து ஆராய்ந்து 1915-லேயே புத்தகமாக எழுதி வைத்தார். புலி வந்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். ஆனால் வருவது புலியா, பாங்கியின் தவணைக் கடிதமா என்று சரீரத்துக்குப் பேதம் தெரியாது. ஓட வேண்டிய இடமும் இல்லை, அடிக்க வேண்டிய ஆளும் இல்லை. ஆயினும் நெஞ்சு மட்டும் அடித்துக் கொள்ளுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுதான்.

இதை வெறும் வாதமாகச் சொல்லிக் கொண்டு போகாமல், நம் கண்முன் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே பார்ப்போம். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு ரயிலில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி எல்லாம் தாண்டினால் மறைமலை நகர் வருகிறது. அங்கே ஃபோர்டு கம்பெனியின் மோட்டார் தொழிற்சாலை 1999 முதல் நடந்து வந்தது. 2021 செப்டம்பர் 9-ந் தேதி அந்தக் கம்பெனி, இந்தியாவில் மோட்டார் உற்பத்தியை நிறுத்திவிடப் போவதாக அறிவித்தது. குஜராத்திலுள்ள சனந்தும் மறைமலை நகரும் சேர்ந்து ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொல்லிற்று. தொழிற்சாலை 2022-ன் மத்தியில் மூடப்பட்டது. அதாவது, அறிவிப்புக்கும் மூடுவிழாவுக்கும் நடுவே ஏறக்குறைய 10 மாத காலம், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் "என்ன ஆகுமோ?" என்ற ஒரே கேள்வியோடு படுத்து எழுந்தன.

அந்தத் தொழிலாளர்களைப் பார்த்து, "கவலைப்படாதே, எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று சொல்லுவது யோக்கியமான பேச்சாகாது. வீட்டுக் கடனும் பள்ளிக்கூடச் சம்பளமும் உள்ளவனுக்கு வேலை போகிறதென்றால், அவன் பயப்படுவதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறது. ஆனால் நாம் கேட்பதெல்லாம், அந்தப் பயத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்பதுதான்.

அவனுடைய கவலை மேலுக்கு ஒன்றாகத் தோன்றினாலும் அதில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. தொழிற்சாலையை மூடுவது என்ற தீர்மானம் அமெரிக்காவில் டியர்பார்னிலிருக்கும் தலைமைக் காரியாலயத்துத் தீர்மானம். அதை மறைமலை நகரில் ஒருவன் தூக்கம் கெட்டு மாற்ற முடியாது. இது ஒரு வகை. கடன் தவணையைத் தள்ளிப் போடக் கேட்பது, வீட்டுச் செலவைக் கணக்கெடுப்பது, வேறு வேலைக்கு மனுப் போடுவது, அதற்கு வேண்டிய வேலையைக் கற்றுக் கொள்ளுவது ஆகிய இவை அவனே செய்யக் கூடியவை. இது இரண்டாவது வகை. நஷ்ட ஈடு எவ்வளவு என்பதோ, அவன் தனியாகச் செய்யவும் முடியாது, விட்டுவிடவும் கூடாது. பலர் கூடித்தான் செய்ய வேண்டும். இது மூன்றாவது வகை. இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டித் தலைமேல் வைத்துக் கொண்டால் எவனுக்கும் கழுத்து ஒடியத்தான் செய்யும்.

அந்தத் தொழிலாளர்கள் மூன்றாவது வகையைத் தனித்தனியே வீட்டில் வைத்து அழுது கொண்டிருக்கவில்லை. 2022 மே மாதக் கடைசியில் வேலையை நிறுத்திப் போராடினார்கள். சங்கத்தின் மூலம் மாதக்கணக்கில் பேசினார்கள். கம்பெனி முதலில் சொன்ன நஷ்ட ஈட்டிலேயே நின்றுவிடவில்லை. பேச்சில் தொகை உயர்ந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. உயர்ந்த அளவுக்காவது உயர்ந்தது எதனால்? கூடிப் பேசியதனாலேயொழிய, கூடிக் கவலைப்பட்டதனால் அல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2024 செப்டம்பரில் அதே கம்பெனி, ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடியும் உபயோகிக்க விரும்புவதாகத் தமிழ்நாட்டு அரசாங்கத்துக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் ரூ. 3,250 கோடி முதலில் என்ஜின் செய்ய ஒப்பந்தம் செய்து, 2029-ல் உற்பத்தி துவங்கும் என்றது. 2021-ல் இதை யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. கவலை தன்னை ஒரு தீர்க்கதரிசி என்று சொல்லிக் கொள்ளுகிறது. ஆனால் அதற்கு நாளைய சங்கதி நமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு எழுத்தும் தெரியாது.

நிற்க, அன்றாடக் கவலைக்கு அன்றாடம் செய்யத் தக்கது என்ன? ஒரு காகிதத்தை எடுத்துக் கவலையை எழுத்தில் எழுத வேண்டும். மனதில் மலை போலிருப்பது எழுதினால் பெரும்பாலும் நாலு வரியில் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் எதிரில், "இது நம் கையிலா, பலர் கையிலா, யார் கையிலும் இல்லையா?" என்று குறிக்க வேண்டும். நம் கையில் இருப்பதற்கு அடுத்த காரியம் என்ன, என்றைக்கு என்று எழுத வேண்டும். கவலைக்கென்று தினம் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற வேளைகளில் வரும் கவலையை "மாலையில் வா" என்று தள்ளிப் போடுவது இன்னொரு முறை. இது வேடிக்கைப் பேச்சல்ல. தாமஸ் போர்கோவெக் என்னும் மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் இதைப் பரீட்சித்து, அப்படிச் செய்தவர்களுடைய கவலை நேரம் சில வாரங்களில் குறைந்தது என்று 1983-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

சரீரத்தையும் கவனிக்க வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விட்டால் இருதயத் துடிப்பு தணிகிறது. இதற்கு மந்திரமும் வேண்டாம், குருவும் வேண்டாம். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் காப்பியின் மேல் காப்பியாகக் குடித்துவிட்டுப் படபடக்கிறது என்றால், அந்தப் படபடப்பில் பாதி காப்பியுடையது. கவலை தீர என்று குடிக்கிற சாராயமோ நாலு மணி நேரம் கவலையை மறைத்து, மறுநாள் அதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது.

இவ்வளவுக்கும் அடங்காத கவலையும் உண்டு. நாட்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் விடாமல் கவலை பிடித்து, தூக்கமும் வேலையும் கெட்டுவிடுமானால் அது குணமல்ல, வியாதி. பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாகாணங்களில் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதோவொரு மனநோய் இருப்பதாகவும், அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் தெரிய வந்தது. உலகெங்கும் இந்தப் பதற்ற வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. வீட்டாரின் கவலை அனைத்தையும் தாங்குவதே பெண்ணின் தர்மம் என்று சொல்லி வைத்திருக்கும் நாட்டில் இதைப் பற்றி ஆண்கள் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஜாதகம், பிறகு தாயத்து, பிறகு பரிகாரம், கையிலிருக்கும் காசெல்லாம் போன பிறகு வைத்தியர். "மன வியாதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெண் கொடுக்க மாட்டார்களே" என்ற பயம் வேறு. க்ஷயரோகத்துக்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். டாக்டர் சவுரி முத்து 1928-ல் தாம்பரத்தில் சானட்டோரியம் ஏற்படுத்திய காலத்தில் க்ஷயம் என்றாலே பாபம், வம்ச தோஷம் என்று மறைத்தார்கள். அது கிருமியால் வருவதென்று கோக் 1882-லேயே காட்டியிருந்தார். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும், சானட்டோரியத்தில் இருப்பதற்குச் சமமாகக் குணமாகும் என்று சென்னையிலேயே பரிசோதித்து 1959-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். காரணம் தெரிந்து மருந்தும் கிடைத்தது. பாபமும் தோஷமும் மெல்ல மெல்ல விலகின. மனதின் வியாதிக்கும் அப்படித்தான் ஆக வேண்டும்.

வைத்தியரிடம் போனால் தைராய்டு, சோகை முதலியவற்றால் படபடப்பா என்று முதலில் சோதிப்பார். நெஞ்சு வலியைக் "கவலைதான்" என்று நாமே தீர்மானித்து வீட்டில் கிடக்கக் கூடாது. பேச்சு முறைச் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. அந்த மருந்துகளில் பல, வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். ஆகையால் நாலு நாளில் நிறுத்துவது தவறு. வைத்தியரைக் கேளாமல் கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தின்பது அதைவிடத் தவறு. செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி அரசாங்க ஆஸ்பத்திரி இந்த வட்டாரத்துக்குத் தொலைவிலில்லை. 14416 என்ற "டெலி மானஸ்" எண்ணுக்கு டெலிபோன் செய்தால் எந்நேரமும் தமிழில் பேசலாம், அதற்குக் கட்டணமில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அரசாங்கச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. சரீர வியாதிக்குச் செய்வது போலவே மன வியாதிக்கும் ஏற்பாடு செய்ய இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளும் அதே சட்டத்தால் கட்டுப்பட்டவை. உரிமையைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதற்கு?

ஆகவே தோழர்களே! கவலைப்படுவது கடமையல்ல. காரியம் செய்வதே கடமை. தன்னால் ஆவதைத் தான் செய்ய வேண்டும்; பலரால் ஆவதைப் பலரோடு கூடிச் செய்ய வேண்டும்; வைத்தியரால் ஆவதை வைத்தியரிடம் விட வேண்டும். யாராலும் ஆகாததற்கு ராத்திரித் தூக்கத்தைக் காணிக்கை செலுத்துவதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.