மாலைதீவாக்கப் போகிறார்களாம்

“தீவகத்தை இன்னொரு மாலைதீவாக்குவோம்.” யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான தீவகத்தைப் பற்றி, போர் முடிந்த காலந்தொட்டு யாழ்ப்பாணத்து மேடைகளில் இந்த வசனம் ஓய்ந்ததில்லை. அரசியல்வாதி சொல்கிறார். கொழும்பிலிருந்து வரும் அதிகாரி சொல்கிறார். கனடாவிலும் சுவிஸிலும் உழைத்த காசோடு வந்தவர் கண்கலங்கச் சொல்கிறார். ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், வசனம் மட்டும் மாறாது.

அண்மையில் முதலீட்டாளர் கூட்டமொன்றில் பளபளக்கும் கையேடு ஒன்றைக் கையில் தந்தார்கள். ‘குடும்பங்களுக்கும் புதுமணச் சோடிகளுக்கும் சொகுசுத் தீவு விடுமுறை’ என்று தலைப்பு. அட்டையில் நீலக் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரைக் குடில்கள். படம் எந்தத் தீவில் எடுத்தது என்று விசாரித்தேன். மாலைதீவிலாம். நெடுந்தீவைப் பற்றிய கையேட்டின் அட்டைக்கு நெடுந்தீவில் ஒரு படம் அகப்படவில்லை. கையேடு அடுக்கியிருக்கும் வாதங்களை அது அடுக்கிய வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

“அவர்களிடமும் தீவு, எங்களிடமும் தீவு”

சுற்றிவரக் கடல் இருந்தால் போதும், எல்லாத் தீவும் ஒன்று என்பது இவர்களது புவியியல். மாலைதீவின் தீவுகள் ஆழ்கடலிலிருந்து எழுந்த பவளப்பார்களின் மேல் குவிந்த வெண்மணல் திட்டுகள். அதனால்தான் அந்தக் கடல் கண்ணாடிபோல இருக்கிறது. எங்களுடையவை பாக்குக் குடாவின் ஆழமில்லாத மேடையில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் நிலங்கள். பல இடங்களில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. காலில் சேறும் சாதாழையும் சிக்கும். நண்டுக்கும் இறாலுக்கும் அது சொர்க்கம். அவை அறை வாடகை கட்டுவதில்லை என்பதுதான் குறை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மாலைதீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 1972இல் குரும்பா என்ற முதல் சுற்றுலா விடுதி தொடங்கியபோது அதற்கென எடுத்தது ஆளில்லாத ஒரு தீவை. ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்பதே அந்த நாட்டின் வாய்ப்பாடானது. ஊர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் முளைக்கத் தொடங்கியது 2009ஐ ஒட்டித்தான். ஆக, மாலைதீவு மாதிரி என்றால் அதன் முதல் நிபந்தனை தீவில் சனம் இருக்கக் கூடாது என்பது. எங்கள் தீவுகளிலோ நயினாதீவில் நாகபூசணி அம்மன் இருக்கிறாள், நாகவிகாரை இருக்கிறது. அனலைதீவில் புகையிலைத் தோட்டம் இருக்கிறது. நெடுந்தீவில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் பிரதேச செயலகமும் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் படையினர் தீவகத்தைப் பிடித்தபோது ஓடியவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. மிச்சம் இருப்பவர்களையும் கிளப்பிவிட்டால் கையேட்டின் படத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

“கசூரினாவும் சாட்டியும் போதாதா?”

ஒரு ஞாயிறு பின்னேரம் அந்த இரண்டு கடற்கரைகளுக்கும் போய், நிழலில் பாய் விரிக்க இடம் பிடித்துவிட்டு வந்து பேசட்டும்.

“பலாலி திறந்தாயிற்று”

2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்று பெயர்ப்பலகை ஏறியது உண்மை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விசிறி வைத்த சிறிய விமானங்கள் வருவதும் உண்மை. பெரிய விமானம் இறங்கும் ஓடுபாதை இல்லை. வந்தவர் பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் லோஞ்சுக்குக் காத்து நின்று, நெடுந்தீவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். சோளகக் காற்று எழும்பிய நாளில் அந்த ஒரு மணி நேரம் புதுமணச் சோடிக்கு மறக்க முடியாததாக இருக்கும், சந்தேகமில்லை.

“எல்லாம் இருக்கிறது, முதலீடுதான் இல்லை”

இங்கேதான் நான் கையேட்டை இரண்டாந்தரம் வாசித்தேன். ‘ஒவ்வொரு வில்லாவுக்கும் தனி நீச்சல் தடாகம்’ என்று இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடை கொண்டுவரும் மழைதான் எங்கள் வருடச் சம்பளம். அந்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் நிற்பதுபோலத்தான். நல்ல தண்ணீருக்கு அடர்த்தி குறைவு, அதனால் மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் படிக்க வேண்டும். இறைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். துலா மிதித்த காலத்தில் அந்த ஆபத்து குறைவு, மனிதனின் கால் களைத்துவிடும். மோட்டருக்குக் களைப்பு தெரியாது. குடாநாட்டுக்கே இதுதான் கதி என்றால், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த சின்னத் தீவின் கதி என்ன? கோடையில் பவுசரை எதிர்பார்த்து வெறும் வாளிகள் வரிசையில் நிற்பதைத் தீவுப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். வறட்சி கூடிய வருடங்களில் நெடுந்தீவின் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்திருக்கின்றன. கையேட்டின் ஏழாம் பக்கத்தில் அதே குதிரைகள் ‘காட்டுக்குதிரை அனுபவம்’ என்ற பெயரில் துள்ளி ஓடுகின்றன.

“கடல்நீரைக் குடிநீராக்கலாம், மாலைதீவில் அப்படித்தானே செய்கிறார்கள்?” என்பது இவர்களின் கடைசி அஸ்திரம். ஆம், அங்கே விடுதிகள் தங்களுக்கென்று சுத்திகரிப்பு இயந்திரமும், அதை ஓட்டப் பெரும்பாலும் டீசல் மின்பிறப்பாக்கியும் வைத்திருக்கின்றன. அதற்கு மின்சாரம் தாராளமாக வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றின் மின்சாரக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். சூரியஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் ஒன்று 2021இல் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டச் சீனாவா என்று இந்தியா முகம் சுளித்தது. அந்த வருட டிசம்பரில் சீனத் தூதரகம் திட்டத்தை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: அந்த நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டதாம். எங்களை மாலைதீவாக்க வந்த சூரியன் மாலைதீவுக்கே போய்விட்டது. பிறகு இந்தியா நன்கொடை தருகிறேன் என்றது. அதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 2,230 கிலோவாட். வீட்டில் விளக்கெரிக்கவும் விசிறி சுழற்றவும் பத்தும் பத்தாததுமான அந்தக் கணக்கில் தடாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவார்களோ.

இங்கேயே கடல்நீர் குடிநீராகிறதே என்று தாளையடியைக் காட்டுவார்கள். குடாநாட்டுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் தர மறுத்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் நியாயந்தான். அந்த இழுபறிக்குப் பிறகுதான் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் தாளையடியில் எழுந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது சனத்தின் குழாய்க்கு வந்த தண்ணீர். தவிர, தாளையடிக்கு முன்னால் விரிந்து கிடப்பது திறந்த வங்கக்கடல். பிரித்தெடுத்த உப்புக்கழிவை விட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். தீவகத்தைச் சுற்றியிருப்பது முழங்கால் அளவுப் பரவைக்கடல். அங்கே விடும் உப்பு, நண்டு வலை போடும் இடத்திலேயே படிந்து கிடக்கும்.

வந்த தண்ணீர் போகவும் வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய மலக்குழிக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் இடையே மறைப்பு எதுவும் கிடையாது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் ஊர்க் கிணறுகளில் மிதந்ததை மறந்துவிட்டோமா? 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னது. காசு கட்டியதால் கிணறு திரும்ப இனிப்பதில்லை. மாலைதீவு தன் குப்பையைக் கொட்டிக் கொட்டியே திலபூசி என்று ஒரு தீவை உருவாக்கி வைத்திருக்கிறது. மாதிரியை முழுதாக எடுப்பதென்றால் அதையும் எடுக்க வேண்டும். எங்கள் திலபூசி எது? எழுவைதீவா, அனலைதீவா? கையேட்டில் வரைபடம் இருக்கிறது, அந்தப் புள்ளி மட்டும் இல்லை.

“எங்கள் பிள்ளைகளுக்கு வேலை”

மாலைதீவு விடுதிகளில் பரிமாறுகிறவரும் படுக்கை விரிக்கிறவரும் பெரும்பாலும் வங்கதேசத்தவர், இந்தியர், எங்கள் இலங்கையர்.

வெளிநாட்டு உதாரணம் கசந்தால் உள்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. கற்பிட்டியில் 14 தீவுகளை வளைத்துச் சொகுசு விடுதிகள் கட்டும் பெருந்திட்டம் ஒன்று போர் முடிந்த கையோடு முழங்கியது. வாடி போட்ட கரையும் வள்ளம் இழுத்த துறையும் கைமாறுவதைக் கண்ட மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். திட்டத்தின் பெரும்பகுதி கடதாசியிலேயே கிடக்கிறது. அங்கே பிழைத்துக்கொண்டது அந்தத் திட்டம் அல்ல. சோளகக் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறவர்களுக்குக் கரையோரச் சின்னத் தங்குமிடங்களில் சோறும் பாயும் கொடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

“சொகுசுக்கு இங்கே பழக்கமில்லை”

யார் சொன்னது? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையில் 1971 கிளர்ச்சிக்காரரை அடைத்து வைத்தார்கள். இன்று அதைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது. தனித் தீவு, நாலு பக்கமும் தண்ணீர், பாதுகாப்புக்குக் குறைவில்லை. காங்கேசன்துறையில் இராணுவத்தின் தல்செவன விடுதி இருக்கிறது. காவல் காப்பவர்களே கட்டிலும் போட்டுத் தரும் நாட்டில், அவர்கள் பக்கத்துக் கடற்கரையை விட்டு எழும்பி உங்கள் வில்லாவுக்கு இடம் தருவார்கள் என்று நம்புகிற முதலீட்டாளரின் மனம் நல்ல மனம்.

பயணிகள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டிப் பிள்ளைகுட்டிகளோடு வரும் புலம்பெயர்ந்த குடும்பங்கள், தெற்கிலிருந்து பஸ் பிடித்து நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர்கள் என்று குறிகட்டுவானில் தலை எண்ண முடியாது. அவர்கள் கேட்பது சுத்தமான கழிப்பறை, நிழல், நேரத்துக்குக் கிளம்பும் லோஞ்சு. இவை எந்தக் கையேட்டிலும் இல்லை, ஏனென்றால் இவற்றைத் திறந்துவைக்க நாடா வெட்டினால் படம் நன்றாக வராது.

அடுத்த கையேட்டின் முதற்பக்கத்தில் நீலக்கடல் வேண்டாம், மூன்று விடைகள் போடுங்கள். ஒரு விருந்தாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், அது யாருடைய கிணறு? உப்பும் கழிவும் எந்தக் கடலில் விழும், அங்கே வலை போடுகிறவர் யார்? வில்லா எழும்பும் காணியின் உறுதி யாருடைய பெயரில்? அதுவரைக்கும் மாலைதீவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் மாலைதீவுக்கே போகட்டும். கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரந்தான், நெடுந்தீவைவிடக் கிட்ட.