நூறு வாட் குரல்

ஆச்சி பீடி சுற்ற உட்கார்ந்தால் தட்டுக்கு இடப்பக்கம் ரேடியோ இருக்கும். அவள் கத்திரி இலையில் ஓடிக்கொண்டே இருக்கும். முள்ளைத் திருப்புவது என் வேலை. பகலில் திருநெல்வேலி, வெயில் தாழ்ந்தால் இலங்கை. கடல் தாண்டி வந்த குரல்கள் வள்ளியூர்த் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலத் தெளிவாக விழும். ஆச்சிக்கு ஒரே குறைதான்: "ஊரு ஒலகத்து சேதியெல்லாம் சொல்லுதான். நம்ம குளத்துல மடை தொறந்தாச்சான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்."

நெல்லை நிலையம் 1963 டிசம்பர் 1-இல் வந்தது. 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில். தாமிரபரணிக்காரர்களுக்குச் சொன்ன நடவு யோசனை, மழை பெய்தால் மட்டும் நிறையும் எங்கள் குளத்துப் பாசனத்துக்குச் சரிப்படாது. ஆச்சியின் குறை லேசுப்பட்டதல்ல என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அந்தந்த வட்டாரத்துக்கென்றே ஒலிக்கும் சமுதாய வானொலிக்கு முதலில் கல்வி நிறுவனங்களை மட்டும் அனுமதித்தார்கள். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறக்க 2006 ஆனது. 2008-இல் ஜகீராபாத் பக்கம் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கி, தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே விதை, சிறுதானியம் என்று பேசினார்கள்.

நமக்குப் பக்கம் என்றால் பாம்பன். 2016 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய கடல் ஓசை, 90.4. மீனவருக்கென்றே ஒரு வானொலி. மைக்கின் முன்னால் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்பதைக் கரைப் பேச்சிலேயே கேட்கலாம். சென்னையில் இருந்து வாசிக்கிற 'கிழக்குக் காற்று' என்பதை அங்கே 'கொண்டல்' என்றால்தான் காது நிமிரும்.

ஆனால் ஒரு விபரீதம். அந்தக் கரையில் இருந்து போன படகு ஒன்று இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால், கரையின் சொந்த வானொலி அதைத் தன் செய்தியாகச் சொல்ல விதி இடம் தராது. ஆகாசவாணிச் செய்தியை அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. வாசல்படியில் நடந்ததைத் தலைநகரத்து வாய்வழியாகக் கேட்கச் சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறதோ!

திறனுக்கும் வரம்பு உண்டு. காற்றில் இறங்குவது நூறு வாட். முன்பு எங்கள் முற்றத்தில் எரிந்த குண்டு பல்பின் அளவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு சரி. வரைபடத்தில் வள்ளியூரில் காம்பஸை ஊன்றி வட்டம் போட்டுப் பார்த்தேன். பணகுடி வரும், ஏர்வாடி வரும், கொஞ்சம் இழுத்தால் நாங்குநேரியும் ராதாபுரமும். ஆச்சி கேட்ட குளங்கள் எல்லாம் உள்ளேதான் கிடக்கின்றன.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது, திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுபோனது. மின்சாரம் போய், கைப்பேசி கோபுரமும் செத்துவிட்டால், இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடுகிற பெட்டியில் வரும் உள்ளூர்க் குரலைத்தான் நம்ப வேண்டும்.

அப்படியொரு வானொலியை நடத்துவது சுலபமில்லை. சம்பளமில்லாமல் முதல் ஆறு மாதம் ஆள் வரும். பிறகு கல்யாணம், பரீட்சை, துபாய் விசா. விளம்பரத்துக்கும் மணிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு.

எங்கள் ஊரில் இப்போதைக்கு உள்ளூர்ச் சேதி சொல்லும் வேலையைச் செய்வது ஆட்டோவில் கட்டிய மைக். நேற்றுக் காலையும் தெருவில் வந்தது. கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று சொன்னது; ஒரு பெரியவரின் சாவையும் எடுக்கும் நேரத்தையும் சொன்னது. முனை திரும்பும்போது மடையைப் பற்றியும் ஏதோ சொன்னது போலிருந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஹாரனில் அது காதில் விழவில்லை.