மூடாக்கின் மீது சொல்லப்படும் மூன்று புகார்கள்

செடி வளர்ப்பவர்களிடம் பாத்திக்கு மூடாக்குப் போடச் சொன்னால் மூன்று பதில்கள் வரும்: இலை வெளுக்கும், தண்டு அழுகும், கறையான் ஏறும். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் போடும் விதத்தைத் திருத்திக்கொண்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

முதலில் மூடாக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கத்திரி வெயிலில் வெற்று மண் சூடேறி, ஊற்றிய தண்ணீரை ஆவியாக விட்டுவிடுகிறது. சருகோ வைக்கோலோ கரும்புச் சோகையோ மேலே கிடந்தால் வெயிலும் காற்றும் மண்ணை நேரே தொடுவதில்லை. ஐப்பசி மழையிலும் அதற்கு வேலை உண்டு. கனத்த துளிகள் வெற்று மண்ணை அடித்து இறுக்கும். தெறிக்கும் சேற்றோடு மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் தக்காளியின் அடியிலைகளில் ஏறும். மூடாக்கு அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. வெளிச்சம் கிடைக்காததால் களையும் குறைகிறது.

இனி புகார்களுக்கு வருவோம். மரத்தூள், உமி, வைக்கோல் போன்றவற்றில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. இவற்றை மண்ணோடு கலந்து கொத்திவிட்டால், மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடி பசியால் வெளுக்கிறது. மேலே பரப்பியதோடு நிறுத்திக்கொண்டால் இந்த இழுபறி மேல்மண்ணோடு நின்றுவிடும். பரப்புவதற்கு முன் மட்கிய தொழுவுரம் ஒரு கை போட்டுவிட்டால் அந்தக் கவலையும் குறையும்.

தண்டு அழுகுவது, மூடாக்கைத் தூரோடு ஒட்டிக் குவிப்பதால். எப்போதும் ஈரம் பட்டுக்கொண்டே இருக்கும் தண்டில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். தண்டைச் சுற்றி மூன்று விரல் அளவு இடம் விடுங்கள். கறையானுக்குப் பிடித்தது, கலையாமல் குவிந்து கிடக்கும் காய்ந்த பொருள். இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் போடாமல், அவ்வப்போது ஈரப்படுத்திக் கிளறிவிடுங்கள். வீட்டுச் சுவரையும் மரக் கதவு நிலையையும் ஒட்டிய பாத்திகளில் போடவே வேண்டாம்.

சருகை விலக்கிப் பார்க்கும்போது அடியில் வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பதைக் கண்டு நோய் என்று பயப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சருகை மட்கச் செய்யும் பூஞ்சை. செடிக்குக் கெடுதல் செய்யாது.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் லேசான தூறல் சருகிலேயே தங்கிவிடும். அதனால் நன்றாகத் தண்ணீர் விட்ட பிறகே பரப்புங்கள். கீரை விதைத்த பாத்தியைக் கனமாக மூடினால் முளை மேலே வராது. நாற்று நான்கு விரல் உயரம் வளரும்வரை பொறுங்கள்.

வாசலில் கூட்டிய சருகைக் கொளுத்தாதீர்கள். ஒரு பாத்தியில் அதைப் பரப்பி, பக்கத்துப் பாத்தியை வெறுமனே விட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டு மண்ணிலும் விரலை விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.